திமிங்கலம் மீனா?

1818ஆம் வருடம், டிசம்பர் மாதக் கடைசி. நியூயார்க் நகர மண்டபத்தில் மேயர் நீதிமன்றம் கூடியிருக்கிறது. வழக்கு சின்னதுதான். சாமுவேல் ஜட் என்ற எண்ணெய் வியாபாரி, அரசு ஆய்வாளரின் சோதனை முத்திரை இல்லாத 3 பீப்பாய் எண்ணெயை வாங்கிவிட்டார். அதற்கு 75 டாலர் அபராதம் கேட்டு வழக்குப் போட்டவர் ஆய்வாளர் ஜேம்ஸ் மாரிஸ். அந்த வருடம்தான் நியூயார்க் மாநிலம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது: விற்பனைக்கு வரும் மீன் எண்ணெய் எல்லாம் அளந்து, சோதித்து, முத்திரை குத்தப்பட வேண்டும். அந்த வேலைக்கு ஆய்வாளருக்குக் கட்டணம் உண்டு.

ஜட் சொன்ன பதில் ஒரே வரி. நான் வாங்கியது திமிங்கல எண்ணெய், சட்டம் பேசுவது மீன் எண்ணெய், திமிங்கலம் மீன் இல்லை.

அவ்வளவுதான். ஒரு குமாஸ்தா மத்தியானத்துக்குள் தீர்த்து வைத்திருக்க வேண்டிய விஷயம், நகரமே வேடிக்கை பார்க்கிற விவாதமாக ஆனது. தெருவிளக்கும் மெழுகுவர்த்தியும் திமிங்கலத்தை நம்பி எரிந்த காலம் அது. பணம் நிறைய சம்பந்தப்பட்டிருந்தது. ஆனால் கூட்டம் பணத்துக்காக வரவில்லை. ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வியை 12 சாதாரண மனிதர்கள் கொண்ட ஜூரி முன்னால் வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்க வந்தார்கள்.

ஜட்டின் பக்கம் நட்சத்திர சாட்சி சாமுவேல் லேதம் மிட்சில். மருத்துவர், இயற்கை வரலாற்றுப் பேராசிரியர், முன்னாள் செனட்டர். நியூயார்க் கடற்பகுதி மீன்களை வகைப்படுத்தி எழுதியவர். அந்த ஊரில் 'அறிவியல்' என்று சொன்னால் ஜனங்களின் மனசில் வருகிற முகம். அவர் கூண்டில் ஏறி, மனிதன் எப்படி மீன் இல்லையோ அதேபோலத் திமிங்கலமும் மீன் இல்லை என்று சந்தேகமே வைக்காமல் சொன்னார். திமிங்கலத்துக்கு நுரையீரல் உண்டு, வெப்ப ரத்தம் உண்டு, குட்டி போடும், பால் கொடுக்கும். 1758லேயே லின்னேயஸ் தன் நூலின் 10ஆம் பதிப்பில் திமிங்கலத்தை மீன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார். இன்னும் பின்னால் போனால் அரிஸ்டாட்டிலும் இதைக் கவனித்திருக்கிறார்.

எதிர்ப்பக்கம் வில்லியம் சாம்ப்சன். 1798 கலகத்தையொட்டி அயர்லாந்தை விட்டு வெளியேற்றப்பட்டு அமெரிக்கா வந்து சேர்ந்த வழக்கறிஞர். வாய்ச்சாலகம் உள்ளவர், படிப்பும் உண்டு. இந்த வழக்கின் முழு விவரத்தையும் 1819இல் அவரே புத்தகமாகப் போட்டார். தலைப்பு 'திமிங்கலம் மீனா?' என்பதுதான், நான் திருடிக்கொண்டேன். அவருடைய உத்தி மிட்சிலின் உண்மைகளை மறுப்பது இல்லை. திமிங்கலம் பால் கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? இந்த உண்மைகளுக்கும் 'மீன்' என்ற சொல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அவர் கேட்டார். வேதாகமம் ஆகாயத்துப் பறவைகள், நிலத்து மிருகங்கள், கடலின் மீன்கள் என்று பிரித்திருக்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் கடலில் நீந்துவது மீன் என்பார்கள். வகைப்பாட்டாளர்களோ ஆளுக்கொரு அட்டவணை போட்டுக்கொண்டு தங்களுக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள். சட்டம் எழுதப்பட்டது யாருக்காக, அவர்களுக்காகவா?

ஜூரி 15 நிமிடத்தில் திரும்பி வந்தது. தீர்ப்பு மாரிஸ் பக்கம். திமிங்கலம் மீன்தான், 75 டாலரைக் கட்டு.

இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அறிவியல் ஒருபக்கம், பாமரத்தனம் ஒருபக்கம், பாமரத்தனம் ஜெயித்தது, பாவம் மிட்சில். வரலாற்றாசிரியர் கிரஹாம் பர்னெட் 2007இல் இந்த வழக்கைப் பற்றி 'ட்ரையிங் லெவியாதன்' என்று ஒரு முழு நூல் எழுதினார். அதைப் படித்த பிறகு அப்படிச் சிரிக்க முடியாது. இயற்கை அறிஞர்கள், திமிங்கல வேட்டைக்காரர்கள், எண்ணெய் வியாபாரிகள், சாதாரண ஜனங்கள் என்று நான்கு கூட்டங்கள் திமிங்கலத்தைப் பற்றி நான்கு விதமாக அறிந்திருந்ததை அவர் பிரித்துக் காட்டுகிறார். யாரும் முட்டாள் இல்லை. ஆளுக்கு ஒரு விதத்தில் அந்த விலங்கை அறிந்தவர்கள். (சாட்சி சொன்ன ஒரு கப்பல் தலைவரின் பெயர் பிரிசர்வ்ட் ஃபிஷ். 'பதப்படுத்திய மீன்' என்று அர்த்தம். நான் கற்பனை செய்யவில்லை, நிஜமாகவே அதுதான் பெயர்.)

எனக்கு இந்த வழக்கு பிடித்துப்போனதற்குக் காரணம், பின்னால் 20ஆம் நூற்றாண்டின் மொழித் தத்துவக்காரர்கள் பல்கலைக்கழக அறைகளில் உட்கார்ந்து யோசித்த பல விஷயங்கள் அந்த நீதிமன்றத்தில் முன்கூட்டியே நடந்துவிட்டன என்பதுதான்.

ஹிலரி பட்னம் 1975இல் 'அர்த்தத்தின் அர்த்தம்' என்ற கட்டுரையை எழுதினார். ஒரு சொல்லின் அர்த்தம் பேசுகிறவனின் மண்டைக்குள் இருப்பதில்லை என்பது அதன் மையம். எல்ம் மரத்துக்கும் பீச் மரத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாதாம். ஆனாலும் அவர் 'எல்ம்' என்றால் அந்தச் சொல் எல்ம் மரத்தையே குறிக்கும். எனக்குச் சாமையும் குதிரைவாலியும் அப்படித்தான். கண்ணெதிரே கொட்டி வைத்தால் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் கடையில் போய் 'ஒரு கிலோ சாமை' என்றால் நான் கேட்பது சாமையைத்தான், ஏனென்றால் பிரித்தறியத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், என் சொல் அவர்களுடைய அறிவின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. இதை மொழிசார்ந்த உழைப்புப் பிரிவினை என்றார் பட்னம்.

மிட்சிலிடம் இந்தக் கட்டுரை கிடைத்திருந்தால் கையில் பிடித்துக்கொண்டே கூண்டேறியிருப்பார். 'மீன்' என்று ஜனங்கள் சொல்லும்போது, தங்களுக்குத் தெரியாமலே, இயற்கையில் உள்ள ஒரு வகையைக் குறிக்கிறார்கள். அந்த வகைக்குள் எது வரும், எது வராது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது அறிவியல். அப்படிப் பார்த்தால் திமிங்கலம் 1758இல் மீன் கூட்டத்திலிருந்து 'விலக்கப்பட்டது' என்பதே தவறு, அது என்றைக்குமே மீனாக இருந்ததில்லை. தங்கம் என்று நினைத்துப் பித்தளையை வைத்திருந்தவன் கதைதான்.

வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் ஓட்டை.

'மீன்' உண்மையிலேயே தங்கம் மாதிரியான சொல்லா? 1999இல் ஜான் டூப்ரே என்ற தத்துவவாதி 'திமிங்கலங்கள் மீன்களா?' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். திமிங்கலம் பாலூட்டி என்பதில் அவருக்கு மறுப்பே இல்லை. ஆனால் 'பாலூட்டி' என்பது அறிவியல் செய்த சொல், 'மீன்' அப்படிச் செய்த சொல் இல்லை. ஒன்று பாலூட்டி என்பதாலேயே அது மீன் இல்லை என்று எங்கிருந்து முடிவுக்கு வருகிறோம் என்பது அவர் கேள்வி. ஆங்கிலத்தில் நட்சத்திர மீனும் ஜெல்லி மீனும் பெயரளவில் மீன்தான். நம் மீன் மார்க்கெட்டில் கணவாயையும் இறாலையும் வேறு எந்தக் கடையில் வைப்பார்கள்? தமிழிலோ வானத்தில் மின்னுவதும் மீன். இயற்கையின் மூட்டுகளைப் பார்த்து வெட்டிய சொல் இல்லை இது, வாழ்க்கையின் தேவைக்கு வெட்டியது.

இதில் அறிவியலே செய்த குறும்பு ஒன்று உண்டு. பரிணாமக் கிளைகளின் அடிப்படையில் மட்டும்தான் வகைகளை அமைக்க வேண்டும், ஒரு மூதாதையையும் அதன் எல்லா வாரிசுகளையும் சேர்த்துத்தான் ஒரு வகை என்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கூட்டம் வாதிட்டது. இப்போது அதுதான் பெரும்பான்மை. அந்த விதிப்படி பார்த்தால் நுரையீரல் மீன் என்கிற மீன், சால்மன் மீனைவிடப் பசுவுக்கு நெருங்கிய சொந்தம். 1970களின் இறுதியில் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி ஒரு சூடான சண்டையே நடந்தது. ஆக, 'மீன்' என்ற சொல்லுக்கு ஒரு நேர்மையான பரிணாம வகையைக் கொடுக்க வேண்டுமானால் இரண்டே வழிதான். ஒன்று, மீன் என்று ஒரு வகையே கிடையாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அல்லது பசு, திமிங்கலம், நீங்கள், நான் எல்லாரும் மீன் என்று சொல்ல வேண்டும். மனிதனும் திமிங்கலமும் மீன் விஷயத்தில் ஒரே கட்சி என்று மிட்சில் சொன்னார் அல்லவா, அதில் மட்டும் அவர் தப்பவில்லை.

இரண்டாவது ஓட்டைதான் எனக்கு இன்னும் சுவாரசியமானது. நிபுணரிடம் கேள் என்கிறார் பட்னம், சரி, எந்த நிபுணரிடம்? சட்டத்தில் இருந்த சொல் 'மீன்' இல்லை, 'மீன் எண்ணெய்'. கூண்டேறிய வியாபாரிகள் சிலர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சந்தையில் திமிங்கல எண்ணெய் வேறு சரக்கு, வேறு விலை. 'மீன் எண்ணெய்' என்று கேட்டால் ஈரலிலிருந்து எடுத்த, தோல் பதனிடுகிறவர்கள் வாங்குகிற எண்ணெயைக் கொடுப்பார்கள். திமிங்கலம் மீனா இல்லையா என்பது கடைக்காரருக்குத் தேவையே இல்லாத கேள்வி.

ஒரு தொடரின் அர்த்தம் அதன் உறுப்புகளின் அர்த்தத்திலிருந்தும் அவை சேர்ந்திருக்கிற விதத்திலிருந்தும் கட்டப்படுகிறது என்ற கொள்கையை ஃப்ரேகேயின் பெயரால் சொல்வது வழக்கம். பெரும்பாலும் சரிதான். ஆனால் கூட்டுச்சொல் என்று வந்துவிட்டால் அது காலை வாரிவிடும். தமிழனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விளக்கெண்ணெய் விளக்கிலிருந்து எடுப்பதில்லை, ஆமணக்கிலிருந்து எடுப்பது. மண்ணெண்ணெய்க்காக யாரும் மண்ணைச் செக்கில் போட்டு ஆட்டுவதில்லை. நல்லெண்ணெய் என்று ஒன்று இருப்பதால் மற்றதெல்லாம் கெட்ட எண்ணெய் ஆகிவிடாது. அட, எண்ணெய் என்ற சொல்லே எள் + நெய். உறுப்புகளைக் கூட்டித்தான் அர்த்தம் என்றால் தேங்காயெண்ணெய் என்பது தேங்காயிலிருந்து எடுத்த எள்ளின் நெய். எவ்வளவு பெரிய முரண்பாட்டைத் தலையில் தேய்த்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறோம்!

என்னைக் கேட்டால், அந்த வழக்கில் இரண்டு பக்கமும் சேர்ந்து தவறான கேள்விக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள். 'மீன் எண்ணெய்' என்று எழுதியபோது சட்டமன்றம் எந்தச் சரக்கை நினைத்தது, அதை வாங்கி விற்கிறவன் அதை எப்படிப் படிப்பான் என்பதுதான் கேள்வி. அதற்கு லின்னேயஸும் வேண்டாம், ஆதியாகமமும் வேண்டாம். சட்டமன்றம் விரைவிலேயே திமிங்கல எண்ணெயை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கித் திருத்தமும் கொண்டுவந்துவிட்டது. திமிங்கலம் மீன் என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது, அதற்கு வேலை மட்டும் இல்லாமல் போனது.

இந்த மாதிரி இடத்தில் சட்ட மாணவர்கள் உடனே ஹார்ட்டை இழுப்பார்கள். 1958இல் எச். எல். ஏ. ஹார்ட் எழுதிய கட்டுரையில் வருகிற உதாரணம் அது: 'பூங்காவுக்குள் வாகனங்கள் கூடாது.' கார் கூடாது, புரிகிறது. சைக்கிள்? சக்கரம் வைத்த ஸ்கேட்? குழந்தையின் பொம்மைக் கார்? எல்லாச் சொல்லுக்கும் உறுதியான ஒரு நடுப்பகுதியும், சுற்றி ஒரு மங்கலான ஓரமும் இருக்கிறது என்றார். இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஃப்ரீட்ரிஷ் வைஸ்மன் இருக்கிறார். சொற்களின் 'திறந்த தன்மை' பற்றி 1945இல் எழுதியவர் அவர். பூனை மாதிரியே இருக்கிற ஒன்று திடீரென்று பிரமாண்டமாக வளர்ந்தால் அதைப் பூனை என்போமா என்று கேட்டார். நம் வரையறை சோம்பேறித்தனமாக எழுதப்பட்டதால் வருகிற குழப்பம் இல்லை இது. எதிர்காலத்தில் என்னவெல்லாம் வரும் என்று எந்த வரையறையும் முன்கூட்டி வேலி போட முடியாது. நிரல் எழுதுகிற எவனுக்கும் தெரிந்த சங்கதி. எல்லா நிலைமையையும் யோசித்துத்தான் எழுதியிருப்போம், மூன்றாவது மாதம் எவனோ ஒருவன் தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எமோஜியைப் போடுவான்.

ஆனால் ஹார்ட்டுக்கு அதே இதழில் லான் ஃபுல்லர் கொடுத்த பதிலும் முக்கியம். இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஒரு லாரியை, ஓடுகிற நிலையிலேயே, நினைவுச்சின்னமாகப் பூங்காவில் பீடத்தின் மேல் நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். லாரி வாகனத்தின் ஓரமா? நடுமையம். ஆனாலும் இந்த விதி அதைத் தடுக்கிறது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அதாவது சொல்லை மட்டும் முறைத்துப் பார்த்து, எது மையம் எது ஓரம் என்று சொல்லிவிட முடியாது. விதி எதற்காக வந்தது என்று தெரிந்தால்தான் அந்த வேலையே தொடங்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு மீன் வழக்கு. இதில் ஒரு மனிதன் சிறைக்கே போனான். 2007இல் மெக்சிகோ வளைகுடாவில் யேட்ஸ் என்ற மீனவரின் படகை ஓர் அதிகாரி சோதித்து, 20 அங்குலத்துக்குக் குறைவான 72 மீன்களைத் தனியே கட்டி வைத்து, கரைக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார். கரை சேர்வதற்குள் சின்ன மீன்கள் கடலுக்குப் போய்விட்டன என்பது குற்றச்சாட்டு. எந்தச் சட்டத்தின் கீழ்? என்ரான் ஊழலுக்குப் பிறகு, கம்பெனிகள் கணக்குக் காகிதங்களைக் கிழித்துப் போடுவதைத் தடுக்க 2002இல் வந்த சட்டத்தின் கீழ். 'ஆவணம் அல்லது தொட்டறியக்கூடிய பொருள்' எதையும் அழித்தால் 20 வருடம் வரை சிறை என்கிறது அது. யேட்ஸுக்குக் கிடைத்தது 30 நாள். மீன் தொட்டறியக்கூடிய பொருளா? அகராதிப்படி சந்தேகமே இல்லை. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று பிரிந்து, இந்தச் சட்டத்தின் இந்த வரியில் மீன் அப்படிப்பட்ட பொருள் இல்லை என்றது. பேரேடுகளுக்கும் ஆவணங்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற 'பொருள்', தகவலைப் பதிந்து வைக்கிற பொருள்தான் என்பது நீதிபதி கின்ஸ்பெர்கின் தர்க்கம். மீன் பொருள்தான், இதற்குச் சிறுவர் கதைப் புத்தகமே சாட்சி என்று மறுப்புரை எழுதினார் நீதிபதி கேகன். கேகனின் நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் கின்ஸ்பெர்க் பக்கம். 20 வருடச் சிறை என்று பயமுறுத்துகிற ஒரு வரி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்பது படகில் நிற்கிறவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அறிவியலில் ஒரு சொல்லைப் பிடிவாதமாக நீட்டினால் ஒரு கருதுகோள் உடையும். இங்கே நீட்டினால் ஒரு ஆள் உள்ளே போகிறான்.

அப்படியானால் சாதாரண வழக்கு என்னவோ அதையே எடுத்துக்கொண்டால் போதாதா? நம் நீதிமன்றங்களுக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். 1961இல் ஒரு விற்பனை வரி வழக்கில் வெற்றிலை காய்கறியா என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காய்கறி என்றால் வரிவிலக்கு. தாவரவியல் கண்ணோட்டம் எதுவானாலும் நமக்கு வேண்டாம், தோட்டத்தில் விளைந்து சாப்பாட்டுக்கு வருவதைத்தான் ஜனங்கள் காய்கறி என்கிறார்கள் என்று சொல்லி வெற்றிலைக்கு வரி போட்டார்கள். நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஜனங்கள்' ஒரே குரலில் பேசாத இடத்தில் இந்த வழி முட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா? கலால் வரி வேறுபடும். சேலம் கலால் ஆணையரகத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 2024 டிசம்பரில்தான் மூன்று பேர் அமர்ந்து, சின்ன பாட்டிலில் அடைத்ததாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது, அப்படி விற்கிறவன் லேபிளில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று முடித்தார்கள். கேரளத்துக்காரரிடமும் தஞ்சாவூர்க்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் 'சாதாரண வழக்கு' எவ்வளவு சாதாரணமானது என்று தெரிந்திருக்கும்.

டேவிட் ப்ளங்கெட், டிம் சண்டெல் என்ற இருவர் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சில சண்டைகள் உலகத்தைப் பற்றியவை போலத் தெரியும், உண்மையில் ஒரு சொல்லை இனிமேல் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற பேரம்தான் அங்கே நடக்கிறது என்கிறார்கள். பந்தயக் குதிரையை 'விளையாட்டு வீரர்' பட்டியலில் சேர்க்கலாமா என்று இரண்டு பேர் சண்டை போட்டால், குதிரை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதில் அவர்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை. 'அப்போ இது வெறும் சொல் சண்டை' என்று நாம் கையை உதறுவோம். அவசரப்படக் கூடாது என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். சொல்லோடு சேர்ந்து மரியாதை, வரி, தண்டனை, பாதுகாப்பு எல்லாம் பயணம் செய்கின்றன. நான் வேலை செய்த ஓர் இடத்தில் 'செயலில் உள்ள பயனர்' என்றால் யார் என்று மூன்று வாரம் கூட்டம் போட்டோம். தரவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய போனஸ் எந்த வரையறையில் தொங்குகிறது என்பதில்தான் இருந்தது. 2006இல் பிராகா நகரில் வானியலாளர்கள் வாக்கெடுத்துப் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து இறக்கியபோதும் புளூட்டோவின் ஒரு கல்கூட நகரவில்லை. ஆனால் அங்கே ஒரு நல்ல காரணம் இருந்தது: அதே பகுதியில் அதைப் போன்ற பொருட்கள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பழைய சொல்லை அப்படியே வைத்திருந்தால் அது ஒன்றையும் விளக்காது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு மீனைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் அழிவாய்ப்புள்ள உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவை, பாலூட்டி, மீன், நீர்நில வாழ்வன, ஊர்வன, தாவரம் என்று பட்டியல் போடுகிறது. பூச்சி இல்லை. 4 வகைப் பம்பிள் தேனீக்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க முயன்றபோது பாதாம் விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனது. ஆனால் அந்த மாநிலத்தின் மீன்வளச் சட்டத்தில் 'மீன்' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. காட்டு மீன், மெல்லுடலி, ஓட்டுடலி, முதுகெலும்பற்றவை, நீர்நில வாழ்வன எல்லாம் அதில் அடக்கம். தண்ணீரில் வாழ வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. 2022 மே 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: தேனீ முதுகெலும்பற்றது, ஆகவே இந்தச் சட்டத்தின் கண்ணில் மீன்.

உலகம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நிரலில் ஒரு மாறிக்கு 'மீன்' என்று பெயர் வைத்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை வரையறை சொல்லும், பெயர் சொல்லாது. இது மோசமான பெயர், அவ்வளவுதான். ஆனாலும் உறுத்தல் ஒன்று இருக்கிறது. யேட்ஸுக்குச் செய்த நியாயம் பாதாம் விவசாயிக்கு ஏன் இல்லை? சட்டத்தில் 'மீன்' என்று படித்துவிட்டுத் தன் தோப்பில் பறக்கிற தேனீயை நிமிர்ந்து பார்த்து யோசிக்க அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? நீதிமன்றம் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. தரையில் வாழ்கிற டிரினிட்டி முள்நத்தை என்ற சின்ன நத்தையை அந்த மாநிலம் 1980இலேயே இதே 'மீன்' வழியாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருந்தது. 1984இல் சட்டத்தைப் புதிதாக எழுதியவர்களுக்கு அது தெரியும், தெரிந்தும் மாற்றவில்லை. மலைக்காட்டில், ஈர இலைச் சருகுக்கு அடியில் ஊர்கிற நத்தை அது.